பிளாகர் சேவை: ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவரின் மதிப்பீடு

வலைப்பதிவு எழுதுகிறேன் என்றதும் நாகர்கோவிலில் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “மாதம் எவ்வளவு வரும்?” என்பதுதான். பத்திரிகைகள் திருப்பி அனுப்பியதைப் போட்டுவைக்கும் இடம் அது என்பது என் மைத்துனரின் தீர்ப்பு. மருமகளோ, “யூடியூப் ஆரம்பியுங்கள் மாமா” என்கிறாள். கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் நான் எழுதுவது நாஞ்சில் நாட்டுக் குளங்களையும் மடைகளையும் பற்றி. 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் எந்தச் சானல் வழியாக எந்தக் குளத்தைச் சேர்கிறது என்று எழுதிப் பணம் பார்ப்பதைவிடக் கன்னியாகுமரிக் கடற்கரையில் சுண்டல் விற்கலாம்.

பணத்துக்கு வழியே இல்லை என்று சொல்லவில்லை. பக்கங்களில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கிறது. நான் அதை இணைக்கவில்லை. இணைக்காதவர்களின் பக்கத்தில் பிளாகர் தானாக விளம்பரம் திணிப்பதில்லை. வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைப்பதிவுச் சேவையின் இலவசக் கணக்கில் இந்தச் சலுகை கிடையாது.

1999இல் தொடங்கி 2003இல் கூகுள் கைக்குப் போன சேவை இது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. தலைப்பைத் தமிழில் வைத்தால் பதிவின் முகவரியில் அந்தத் தலைப்பு வராது. ‘பிளாக்-போஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொற்களும் ஓர் எண்ணுமாக ஏதோ நிற்கும். சுசீந்திரம் குளமும் அதுதான், அனந்தனார் சானலும் அதுதான். வெளியிடுவதற்கு முன்பே முகவரிப் பகுதியைத் திறந்து, ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் நீங்களே அடித்துவிடுங்கள். பதிவுகளை வகைபிரிக்கும் லேபிள்களில் இந்த வம்பு இல்லை. ‘மடை’, ‘மதகு’, ‘மறுகால்’ என்று தமிழிலேயே பிரித்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு குறை, கூகுள் ஒன்றைக் கொடுத்துப் பழக்கிவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்வது. பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய ரீடர் 2013இல் மூடப்பட்டது. 2019இல் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் போனபோது அதன் வழியாக வந்த கருத்துரைகளும் சேர்ந்து போயின. மின்னஞ்சலில் பதிவுகளை அனுப்பிவந்த வசதி 2021இல் நின்றது. ஆகவே அமைப்புகள் பகுதிக்குப் போய் அவ்வப்போது முழு வலைப்பதிவையும் தரவிறக்கி வைப்பது நல்லது. படங்களின் மூலக் கோப்புகளைத் தனியாகப் பத்திரப்படுத்த வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இதை விடாததற்குக் காரணம் உண்டு. ஃபேஸ்புக்கில் எழுதியது மறுவாரமே ஆழத்துக்குப் போய்விடும். அதை எழுதிய எனக்கே தேடினால் அகப்படாது. பதிவில் எழுதியது தேதியோடு, லேபிளோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு குளத்தின் பெயரைத் தேடி வந்த விவசாயி ஒருவர், நான் என்றோ எழுதிய பதிவின் கீழே அங்குள்ள மடைக்கு வயற்காரர்கள் வழங்கும் பெயரைச் சேர்த்துவிட்டுப் போனார். நில அளவை வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை. எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்கும் மைத்துனரிடம் இதைச் சொன்னேன். “ஒருத்தர்தானா?” என்றார்.

தகவலைச் சேர்த்துவைக்க விரும்புகிறவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வெளியிட்ட அன்றே பாராட்டு வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.