நீல வெல்வெட்டில் மக்னோலியா: அசலும் நான் வாங்கிய பிரதியும்

வாஷிங்டன் நேஷனல் கேலரியில் அந்த மக்னோலியா பூ ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்த வாரமே, அதன் கேன்வாஸ் பிரதிக்கு இணையத்தில் ஆர்டர் போட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

வரைந்தவர் அமெரிக்க ஓவியர் மார்ட்டின் ஜான்சன் ஹீட். நிலக்காட்சிகள் வரைபவர், உப்புச் சதுப்பு நிலங்களையே நூறு தடவைக்கு மேல் வரைந்தவர். 1883இல், அறுபது தாண்டிய வயதில், ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் போய்க் குடியேறினார். இந்தப் பூக்கள் அங்கே, 1890 வாக்கில் வரைந்தவை. ஜாடி கிடையாது. இலையும் தண்டுமாக வெட்டி, நீல வெல்வெட் துணிமேல் படுக்க வைத்திருக்கிறார். ஓவியத்தின் முழுத் தலைப்பில் 'ராட்சத மக்னோலியா' என்று இருந்தாலும் ஓவியம் சின்னதுதான், அகலம் சுமார் 61 செ.மீ., உயரம் 38. குனிந்து பார்த்தேன். வெள்ளை என்று நினைத்த இதழ் வெள்ளையே இல்லை, பாலாடை நிறம். தொட்டால் கன்றிவிடும் போலிருந்தது. "நம்ம செண்பகத்துக்கு அக்கா மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. தப்பில்லை, செண்பகமும் மக்னோலியா இனம்தான்.

சரி, பிரதிக்கு வருகிறேன். பெரிதாக இருக்கட்டும் என்று 36 அங்குலம் கேட்டது என் தப்பு. சாப்பாட்டு மேசைக்கு மேல் மாட்டினால் காலிஃபிளவர் மாதிரி தெரிந்தது. மற்றதெல்லாம் கடையின் தப்பு. வெல்வெட் நீலம் ரெனால்ட்ஸ் பேனா மூடி நீலமாகிவிட்டது. மேலே பூசிய வார்னிஷில் டியூப் லைட் அப்படியே தெரிகிறது. கேன்வாஸைச் சட்டத்தின் பக்கவாட்டில் மடித்து அடித்ததில் ஓர் இலை நுனி மூலைக்குப் பின்னால் போய்விட்டது. புகார் எழுதினேன், அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள்!

அப்புறம்தான் தெரிந்தது, கேலரியின் தளத்திலேயே பெரிய படக்கோப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பளபளப்பில்லாத தாளில், அசல் அளவிலேயே பக்கத்துக் கடையில் அச்சடித்தேன். வெல்வெட்டின் மினுக்கம் முழுதாக வரவில்லை, ஆனால் பாலாடை நிறம் வந்துவிட்டது. அதற்கு ஐந்துக்கு நாலு. கேன்வாஸுக்கு ஒன்று.

தங்க நிற வெல்வெட்டில் ஹீட் வரைந்த இன்னொரு மக்னோலியா, இண்டியானாவில் ஒரு வீட்டுச் சுவர் ஓட்டையை மறைக்க மாட்டியிருந்ததாம். 1999இல் ஹூஸ்டன் அருங்காட்சியகம் அதை 12.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. என் கேன்வாஸ் இப்போது கராஜில் ஃபியூஸ் பெட்டியை மறைத்துக்கொண்டிருக்கிறது.