பினாங்கின் கொடிமலையை (Penang Hill) எப்படிக் கற்பிப்பது? பாடவாரியாகவா, கேள்வி வழியாகவா?

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் நமக்குப் பழகியது பாடவாரி முறை. 1923இல் கொடிமலை ரயில் ஓடத் தொடங்கியதை வரலாற்று வேளையில் சொல்வோம். விசை அறிவியலுக்கு, நீளம் கணிதத்துக்கு. மணி அடித்தால் ஒன்றை மூடி அடுத்ததைத் திறக்க வேண்டியதுதான்.

மற்றது, ஒரே கேள்வியில் தொடங்குவது: "இவ்வளவு செங்குத்தான மலையில் ரயில் எப்படி ஏறுகிறது?" பிள்ளைகள் ஒரு கப்பியில் நூலைப் போட்டு, இரு முனையிலும் தீப்பெட்டியைக் கட்டுகிறார்கள். ஒன்றில் பத்து சென் நாணயத்தை வைத்ததும் அது இறங்குகிறது, மற்றது ஏறுகிறது. மலை ரயிலிலும் இப்படித்தான் இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டிக்குக் கைகொடுக்கிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு அட்டவணை போடுகிறார்கள், தமிழில் விளக்கம் எழுதுகிறார்கள், வெள்ளைக்காரர்கள் ஏன் மலையில் வீடு கட்டினார்கள் என்று கேட்கிறார்கள். ஐ.பி. (International Baccalaureate) எனும் பன்னாட்டுக் கல்வி அமைப்பின் தொடக்கநிலைத் திட்டமும் 1997 முதல் ஆறு கருப்பொருள்களின் கீழ் இப்படித்தான் பாடங்களை இணைக்கிறது.

புரிந்துகொள்வதற்கு இரண்டாவதே மேல்; இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் வாசிப்புக்கும் வாய்ப்பாட்டுக்கும் அன்றாடப் பயிற்சி வேண்டும். முதலாம், இரண்டாம் ஆண்டுகளில் அந்த நேரத்தில் கைவைக்கக் கூடாது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021இல் ரத்தானபின், மேல்வகுப்புகளில் தேர்வைக் காரணம் காட்டுவது எடுபடாது. உண்மையான தடை ஆசிரியரின் நேரம். ஒரே வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை சேர்ந்து திட்டமிட, தலைமையாசிரியர் அட்டவணையிலேயே இடம் ஒதுக்க வேண்டும்.