ஹெங் மலையின் தொங்கு கோயில்: உள்ளே ஏறுவதைவிட அண்ணாந்து பார்ப்பதே நிறைவு

சீனாவின் ஷான்சி மாகாணத்தில், தாதோங் நகரிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், ஹெங் மலையை ஒட்டிய குறுகிய பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறையில் ஷுவான்கொங் என்னும் தொங்கு கோயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டடக்கலையில் சிறிதேனும் ஆர்வமுள்ளவர்கள் இதை நேரில் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் வளாகத்துக்குள் நுழைய ஒரு சீட்டு, கோயிலின் மீது ஏற அதைவிடப் பல மடங்கு விலையுள்ள இன்னொரு சீட்டு என்று இருக்கும் நிலையில், இரண்டாவது எல்லோருக்கும் தேவையா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

வட சீனாவை ஆண்ட வடக்கு வெய் அரசர்கள் காலத்தில், 491-ஆம் ஆண்டில் இக்கோயில் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. இன்று நாம் காணும் மரவேலையின் பெரும்பகுதி மிங், சிங் அரச மரபுகளின் காலங்களில் (14 முதல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை) புதுப்பிக்கப்பட்டது. ஆகவே 1,500 ஆண்டுப் பழமை என்பது இடத்துக்கும் கட்டுமான முறைக்கும் பொருந்துமே அன்றி ஒவ்வொரு பலகைக்கும் பொருந்தாது. இதே வெய் அரசர்கள் தாதோங்கின் மறுபக்கத்தில் யுன்காங் குகைகளில் பாறையைக் குடைந்து புத்தர்களைச் செதுக்குவித்தார்கள். இங்கோ பாறையிலிருந்து மரக் கட்டடமே வெளியே நீண்டு நிற்கிறது.

கீழிருந்து பார்க்கும்போது மெலிந்த சிவப்பு மரத்தூண்கள்தான் முதலில் கண்ணில் படும். அவையே கோயிலைத் தாங்குகின்றன என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பாரத்தின் பெரும்பங்கைச் சுமப்பவை பாறையில் துளையிட்டு ஆழமாகச் செருகப்பட்ட உத்தரங்கள். உத்தரத்தின் உள்முனையில் ஆப்பு வைத்துத் துளைக்குள் அடித்து இறக்கும்போது முனை விரிந்து பாறையை இறுகப் பற்றிக்கொள்ளும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். மரம் உளுத்துப்போகாமலும் பூச்சி அரிக்காமலும் இருக்கத் துங் என்னும் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் ஊறவைத்திருக்கிறார்கள். தூண்களில் சில சமநிலைக்கு உதவுகின்றன. சில பார்ப்பவரின் அச்சத்தைத் தணிக்கவே நிற்பதாக வழிகாட்டிகள் சொல்வது வழக்கம், அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

இடத்தேர்வில் இருக்கும் நுட்பமும் இதற்குக் குறைந்ததல்ல. கோயில் பாறையின் உட்குழிந்த பகுதியில் அமைந்திருப்பதால், மேலே துருத்தி நிற்கும் பாறை மழையையும் உருண்டு விழும் கற்களையும் தடுத்துவிடுகிறது. உயரத்தில் இருப்பதால் பள்ளத்தாக்கில் பெருகும் வெள்ளம் எட்டுவதில்லை. எதிரே மலை, பின்னால் பாறை என்பதால் வெயில் காலையில் சிறிது நேரமே விழுகிறது. மரம் நீடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். படம் எடுக்க விரும்புபவர்களும் காலையிலேயே சென்றுவிட வேண்டும், பிற்பகலில் கோயில் முழுவதும் நிழலுக்குள் போய்விடும்.

ஏறிச் சென்றால், சிறிய முற்றத்தைத் தாண்டித் தெற்கிலும் வடக்கிலும் மும்மூன்று அடுக்கு மாடங்கள் வருகின்றன. அவற்றைப் பாறையோரப் பலகைப் பாதை ஒன்று இணைக்கிறது. வடக்கு மாடத்தின் உச்சியில் உள்ள மூன்று சமயக் கூடத்தில் நடுவில் புத்தரும், இரு புறமும் தாவோ சமயத்தின் மூலவராகக் கருதப்படும் லாவோட்சுவும் கன்பூசியஸும் வீற்றிருக்கிறார்கள். மூவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்து வழிபடும் இந்த ஏற்பாடுதான், என் பார்வையில், ஏறும் சீட்டுக்கு உரிய ஒரே வலுவான நியாயம். மற்றபடி படிகள் செங்குத்தானவை, கைப்பிடிகள் தாழ்வானவை, வழி ஒருவர் பின் ஒருவராகவே நகரும் அளவுக்குக் குறுகலானது. பின்னால் வருபவர்களுக்கு வழிவிட வேண்டியிருப்பதால் எந்தச் சிலையின் முன்னும் நிதானமாக நிற்க முடிவதில்லை. முழங்கால் வலி உள்ளவர்களும் உயரத்தைக் கண்டு அஞ்சுபவர்களும் கீழேயே நின்று, ஒரு தொலைநோக்கியோடு உத்தர முனைகளைப் பார்த்தால் இழப்பு அதிகமில்லை.

ஏறுபவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் விடுமுறை நாட்களில் சீட்டு விரைவில் தீர்ந்துவிடுகிறது, முன்பதிவு அவசியம். காற்றும் மழையும் கடுமையானால் ஏறும் வழி மூடப்படும். பெய்ஜிங்கிலிருந்து தாதோங்குக்கு அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். கோயிலுக்கு வண்டி அமர்த்துபவர்கள் அதே நாளில் யிங்சியன் மரக்கோபுரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 1056-இல் எழுந்த, ஏறத்தாழ 67 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரத்தின் மேல்தளங்களுக்கு இப்போது யாரையும் அனுமதிப்பதில்லை என்பதை அறிந்து செல்வது நல்லது.