எச்சரிக்கை: எறிகத்தி, டோமஹாக் வாங்குவோர் கவனத்துக்கு! என் 8,400 ரூபாய் போன விதம்

மூன்று எறிகத்திகளும் டோமஹாக் எனப்படும் இரண்டு சிறு எறிகோடாரிகளும் அடங்கிய தொகுப்புக்கு, அனுப்பும் கூலி உட்பட, நான் கொடுத்த தொகை 8,400 ரூபாய். இப்போது என் மேசையில் கிடப்பவை நுனி வளைந்த மூன்று தகடுகள், தலை உடைந்த ஒரு கோடாரி, இன்னொரு கோடாரி. அந்த இன்னொன்றை நான் எறியவே இல்லை, எறியவும் மாட்டேன். காரணம் கீழே வருகிறது.

விற்றவர் பெயரையோ இணையச் சந்தையின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. வங்கியில் கொடுத்த புகார் நிலுவையில் இருக்கிறது. பெயரைப் போட்டால் இந்தப் பதிவையே காரணம் காட்டி அதையும் மூடிவிடுவார்கள். எல்லாப் பொருளும் விற்கும் பெரிய இணையச் சந்தை, அதற்குள் வெளிப்புற விளையாட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு தனிக் கடை என்ற அளவில் புரிந்துகொள்ளுங்கள். இன்று கோபம் தலைக்கேறியிருக்கும்போதே எழுதினால்தான் உண்டு. ஆறிப்போனால் நானும் எல்லோரையும் போல ‘போகட்டும்’ என்று விட்டுவிடுவேன்.

வீட்டுக் கொல்லையில் கத்தி எறிவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இதற்கான கத்தி வேறு வகை. வெட்டும் வாய் தீட்டியிருக்கக் கூடாது. நுனி மட்டும் குத்தினால் போதும். கையில் கனமாக இருக்க வேண்டும். எடை குறைந்தால் கை சற்றுப் பிசகினாலும் காற்றில் கூடுதலாகச் சுழன்றுவிடும், இலக்கில் பட்டால் குத்தாமல் எகிறும். எஃகு மிகவும் கடினமாக இருந்தால் நுனி உடையும், மிகவும் மென்மையாக இருந்தால் வளையும். வில்லைப் போல வளைந்து மீளும் பதத்துக்குக் காய்ச்சி எடுத்த எஃகுதான் இதற்கு ஏற்றது. இதையெல்லாம் விளம்பரத்திலேயே எழுதியிருந்தார்கள். ‘கத்தி ஒவ்வொன்றும் 12 அங்குலம், 5 மில்லிமீட்டர் தடிமன், 250 கிராம், பிடியும் அலகும் ஒரே தகடு. டோமஹாக் தலை அடித்து வடித்த உயர்கார்பன் எஃகு, காம்பு ஹிக்கரி மரம்.’ ஹிக்கரி என்பது கோடாரிக் காம்புக்குப் பேர்போன உறுதியான மரம். ஒரு குறையும் சொல்ல முடியாது. பொய்யை இவ்வளவு துல்லியமான அளவுகளோடு எழுதுவார்கள் என்று யார் நினைப்பார்கள்?

என்னை நம்பவைத்தது விளம்பரம்கூட அல்ல, அதன் பிறகு நடந்த உரையாடல்தான்.

வாங்குவதற்கு முன் அந்தக் கடைக்குக் கேள்வி அனுப்பினேன். இரவு நெடுநேரம் ஆகியிருந்தது. மறுநாள் பதில் வந்தால் அதிகம் என்று படுக்கப் போனேன். சில நிமிடங்களில் வந்துவிட்டது. ‘அண்ணா, நீங்கள் பிடியைப் பிடித்து எறிவீர்களா, அலகைப் பிடித்தா?’ என்று எதிர்க்கேள்வி. நான் பிடியைப் பிடித்து, கத்தி காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுழலும்படி எறிபவன். ‘அப்படியானால் சுமார் மூன்று மீட்டரில் நின்று தொடங்குங்கள். கத்தி குத்தி நிற்கும்போது பிடி கீழே தொங்கினால் சுழற்சி போதவில்லை, ஒரு சாண் பின்னால் போங்கள். பிடி மேலே தூக்கி நின்றால் சுழற்சி கூடிவிட்டது, முன்னால் வாருங்கள். கையை மாற்றாதீர்கள், காலை மாற்றுங்கள்’ என்றார். எறியாதவர் இதைச் சொல்ல முடியாது. அதிலும் அந்தக் கடைசி வரி, சொந்தமாக எறிந்து எறிந்து சலித்தவர் வாயிலிருந்துதான் வரும்.

டோமஹாக்கைப் பற்றியும் கேட்டேன். ‘காம்பு உடைவது இயல்பு, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், தலை உங்கள் பேரன் காலம்வரை இருக்கும்’ என்றார். உடனே ஒரு காணொளியும் வந்தது: குறுக்கே அறுத்த மரத்துண்டு, அதில் கோடாரி ‘தக்’ என்று இறங்குகிறது, பிடுங்கி எடுத்து மறுபடியும் எறிகிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பணத்தைக் கட்டினேன். 8,400 ரூபாய், ஒரே தவணையில்.

காணொளியில் இருந்த கோடாரி எனக்கு வந்த கோடாரி அல்ல. இதை இப்போது சத்தியம் செய்து சொல்வேன். அதன் தலையில் துளைக்கு மேலே காம்பின் முனை சற்று அகன்று வெளியே தெரிகிறது. எனக்கு வந்ததில் மேலே வெறும் கறுப்புச் சாயம்.

பொட்டலம் வந்ததும் கத்தியைக் கையில் எடுத்தேன். எடை இல்லை. தராசில் வைத்தால் 118 கிராம் காட்டியது. தடிமனை அளந்தால் 2.5 மில்லிமீட்டர். நீளத்தில் மட்டும் கை வைக்கவில்லை, படத்தில் தெரிவது அதுதானே. பிடியில் கயிற்றைச் சுற்றி மெலிவை மறைத்திருந்தார்கள். அப்போதே எழுதினேன். ‘அண்ணா, இது புதிய வடிவமைப்பு, வேகம் அதிகம், எறிந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்றார். இந்த ‘எறிந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்ற வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் இலக்கு மென்மரத்தின் அடித்துண்டு. ரேகைகள் நம்மைப் பார்த்து நிற்கும்படி குறுக்கே அறுத்தது, ஒரு சாணுக்கும் குறையாத தடிமன், எறிவதற்கு முன் தண்ணீர் தெளித்து நனைத்தது. இதைவிட இரக்கமுள்ள இலக்கு கிடையாது. அதில்தான் கத்திகளின் நுனி கொக்கி போல் வளைந்தது, அதுவும் நேராகக் குத்தி நின்ற எறிதல்களிலேயே. கையால் நிமிர்த்தினால் நிமிர்கிறது. எஃகைக் கையால் நிமிர்த்திக் கொண்டிருக்கிறேன்! பழைய கத்திகளை அதே மரத்தில் எவ்வளவோ எறிந்திருக்கிறேன். ஒன்றோடொன்று மோதிப் பிசிறு கிளம்பும், அரத்தால் ராவிவிட்டு மறுபடியும் எறிவேன், அவ்வளவுதான் சேதம்.

கத்தியோடு போயிருந்தால் இந்தப் பதிவில் இவ்வளவு சூடு இருக்காது. டோமஹாக்குக்கு வருகிறேன்.

ஒரு முழுச் சுற்றுக்கான தூரத்தில், அதாவது நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நின்று எறிந்தேன். வாய் மரத்தில் பட்டது. பட்ட சத்தமே வேறு மாதிரி இருந்தது, ஓடு உடைவது போல. தலையின் முன்பாதி துளை ஓரமாக முறிந்து, முழங்கால் உயரத்தில் என்னைத் தாண்டிப் போய் வேலியில் அடித்தது. எறியும் கோட்டுக்கு வெகுதூரம் பின்னால் நின்றால்தான் பார்க்கலாம் என்று என் தம்பி மகனுக்கு எப்போதும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் அங்கேதான் நின்றான். அதனால் இன்று பணத்தைப் பற்றி மட்டும் புலம்பிக்கொண்டிருக்கிறேன்.

உடைந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். கறுப்புச் சாயத்துக்குள் வெளிறிய சாம்பல் நிறம். முறிந்த முகம் சர்க்கரைக்கட்டியை உடைத்தாற்போல் மணிமணியாக, நடுவே ஊசிமுனை அளவில் காற்றுத் துளைகள். காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. சாயத்தைச் சுரண்டிவிட்டு வைத்தேன், அப்போதும் ஒட்டவில்லை. அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் மாவு போல் உதிர்கிறது. கார்பன் எஃகு என்றால் காந்தம் பாய்ந்து பிடிக்க வேண்டும். இது துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி வார்த்தது. சுவரில் மாட்டும் அலங்காரப் பொருளுக்கு ஆகும், எறிவதற்கு ஆகாது. அடித்து வடித்த எஃகுத் தலை தவறாகப் பட்டால் வாய் மழுங்கும், மிஞ்சினால் விளிம்பில் சில்லுப் பெயரும். வார்ப்புத் துத்தநாகம் எந்த முன்னறிவிப்பும் தராமல் தெறிக்கும். எறியாமல் வைத்திருக்கிறேன் என்றேனே, அந்த இரண்டாவது கோடாரியிலும் காந்தம் ஒட்டவில்லை.

காம்பும் பொய்தான். டோமஹாக்கின் அழகே அதன் எளிமையில் இருக்கிறது. தலையில் ஒரு பக்கம் சற்று அகன்ற துளை. காம்பை மேலிருந்து நுழைத்துக் கீழே இழுத்தால் அதன் அகன்ற முனை துளையில் இறுகி நிற்கும். வீசும் விசையில் இன்னும் இறுகும். உடைந்தால் தட்டி எடுத்துவிட்டு வேறு காம்பைச் செருகலாம். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கைகளில் இருந்த காலத்திலிருந்து இந்த அமைப்பு மாறாததற்குக் காரணம் இருக்கிறது: காட்டுக்குள் காம்பு உடைந்தால் ஒரு கிளையைச் சீவிக்கொள்ளலாம். நல்ல தயாரிப்புகள் சிலவற்றிலும் ஒரு சிறு திருகு இருக்கும், துணைக்கு. பலர் அதையும் கழற்றிவிட்டுத்தான் எறிவார்கள். எனக்கு வந்ததில் துளை மேலே மூடியிருக்கிறது. காம்பைக் கீழிருந்து செருகிப் பசை ஊற்றி ஒரே ஒரு திருகால் நிறுத்தியிருக்கிறார்கள். மாற்றவே முடியாது. மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடாமல் சாய்ந்து குறுக்கே போகிறது. பழுப்புச் சாயம் பூசினால் ஹிக்கரி ஆகிவிடுமா?

இனி அவர்கள் தட்டிக்கழித்த அழகைக் கேளுங்கள்.

உடைந்த தலையின் படத்தை அனுப்பினேன். இரவு நேரத்திலும் நொடியில் பதில் சொன்னவர் அன்று வாயே திறக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் கேட்ட பிறகு வந்தது: ‘வாடிக்கையாளரே, தாங்கள் அதிக விசையுடன் எறிந்திருக்கலாம்.’ அண்ணா போய்விட்டது. எறிவதற்கென்று விற்ற பொருளை எறிந்ததுதான் குற்றம். அடுத்து, ‘மரம் கடினமாக இருந்திருக்கும்.’ மரத்தின் படத்தையும் அனுப்பினேன். அடுத்து, ‘பயன்படுத்திய பொருளுக்கு மாற்றோ பணமோ இல்லை.’ எறிந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றவர் இவரேதான்! அந்தச் செய்தியையே அவருக்குத் திருப்பி அனுப்பினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சந்தையின் வாடிக்கையாளர் சேவைக்குப் போனேன். ‘பாதுகாப்புக் காரணங்களால் கூர்மையான பொருள்களைத் திரும்பப் பெறுவதில்லை’ என்றார்கள். வாசலில் கொண்டுவந்து கொடுக்கும்போது இருந்த துணிச்சல் திரும்ப எடுக்கும்போது எங்கே போனது? சரி, திருப்பி அனுப்ப வேண்டாம், பணத்தைக் கொடுங்கள், 8,400 ரூபாய் என்றேன். படம் கேட்டார்கள், அனுப்பினேன். தராசோடு படம் கேட்டார்கள், அனுப்பினேன். காந்தத்தோடு காணொளி எடுத்து அவர்கள் கேட்காமலேயே அனுப்பினேன். ‘படம் தெளிவாக இல்லை’ என்றார்கள். அடுத்த முறை உள்ளே போய்ப் பார்த்தால் ‘தங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் நிற்கிறது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று வேறு கேட்கிறார்கள்.

இதற்கிடையில் விளம்பரப் பக்கத்தைத் திறந்தேன். ‘அடித்து வடித்த உயர்கார்பன் எஃகு’ அப்படியே இருக்கிறது. ஆனால் பக்கத்தின் அடியில், நான் வாங்கும்போது இல்லாத ஒரு வரி முளைத்திருக்கிறது: ‘காட்சிக்கும் வேடமணியவும் ஏற்றது.’ பழைய பக்கத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) என்னிடம் இருக்கிறது என்று கடைக்கு எழுதினேன். அதற்கு மட்டும் உடனே அசைந்தார்கள். அடுத்த முறை வாங்கும்போது 300 ரூபாய் தள்ளுபடி தருகிறார்களாம், அதற்குப் பதிலாக நான் எழுதிய விமர்சனத்தை நீக்க வேண்டுமாம். 8,400 ரூபாய்க்கு 300. அதையும் அவர்கள் கடையிலேயே செலவழிக்க வேண்டும்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்றுதான். அவருக்கு ஒன்றும் தெரியாமல் விற்றிருந்தால் ஏமாந்த வியாபாரி என்றாவது நினைப்பேன். இவருக்குத் தெரியும். பிடி தொங்கினால் பின்னால் போ என்று சொல்லத் தெரிந்தவருக்கு 118 கிராம் கத்தியைக் கையில் எடுத்ததுமே தெரிந்திருக்கும். நல்ல கோடாரியைத் தான் எறிந்து காட்டிவிட்டு வார்ப்புத் தலையை எனக்குப் பொட்டலம் கட்டியிருக்கிறார்.

எறிகருவிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சில:

பொட்டலத்தைப் பிரிப்பதிலிருந்தே காணொளி எடுங்கள். முதலில் தராசு, பிறகு காந்தம். கார்பன் எஃகு என்று விற்ற கோடாரித் தலையில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அதை மரத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எறிந்து பார்க்கச் சொன்னாலும் எறியாதீர்கள். வாங்கும் முன் தலையின் துளையை மேலிருந்து எடுத்த படம் கேளுங்கள். மூடியிருந்தால், அல்லது படம் தர இழுத்தடித்தால், விட்டுவிடுங்கள். எவ்வளவு இனிமையாக எறியும் தூரம் சொல்லிக்கொடுத்தாலும் சரி, விளம்பரப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்த பிறகே பணம் கட்டுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களைக் கோட்டுக்குப் பின்னால், இன்னும் பின்னால் நிறுத்துங்கள்.

அட்டை வழியாகப் பணம் கட்டியிருந்ததால் வங்கியில் 8,400 ரூபாயையும் திருப்பித் தரக் கேட்டு மறுப்பு மனு கொடுத்திருக்கிறேன். காந்தக் காணொளியையும் பழைய பக்கத்தின் படத்தையும் இணைத்திருக்கிறேன். இதே கடையில் இதே தொகுப்பை வாங்கியவர்கள் யாராவது இருந்தால் உடைந்த துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.