ரோல் கேஜ் போடக் கொடுத்திருக்கிறீர்களா? பெயிண்ட் அடிக்கும் முன் போய்ப் பாருங்கள்

கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் பழைய புரோட்டோன் சாகா, சாத்ரியா, பெரோடுவா கஞ்சில் என்று வாங்கி மண் தடத்தில் ஓட்டத் தயார் செய்துகொண்டிருக்கும் தம்பிமார்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ரோல் கேஜ், அதாவது கார் புரண்டாலும் ஓட்டுபவர் நசுங்காமல் இருக்க உள்ளே பொருத்தும் குழாய்க் கூண்டு போட்டு, பாடியையும் இறுக்கித் தருகிறேன் என்று செகாம்புட் பக்கம் ஒரு பட்டறைக்காரர் எங்களிடம் 4,500 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, வீட்டு கேட் செய்கிற குழாயை வளைத்துப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார். பணம்கூட அப்புறம். அந்தக் கூண்டுக்குள் என் தம்பிதான் உட்காரப் போகிறான் என்று தெரிந்தே செய்திருக்கிறார். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பெயரை இங்கே போடவில்லை. புகார் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருக்கிறது, முடிவு வரட்டும்.

கார் ஒரு சாகா இஸ்வரா. ரோட்டில் ஓட்டுவதற்காக வாங்கியது இல்லை. டோ லாரியில் ஏற்றிப்போய் ஆட்டோகிராஸ் என்ற மண் தடப் பந்தயம் ஓட்டிவிட்டு, அதே லாரியில் திரும்பக் கொண்டுவரத்தான் திட்டம். கொடுக்கும்போதே அளவுகளைத் தெளிவாகச் சொன்னோம். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் மெயின் வளையம் 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம். மற்ற குழாய்கள் 38 மி.மீ. விட்டம், அதே 2.5 கனம். எல்லாம் சீம்லெஸ், அதாவது நீளவாக்கில் ஒட்டு இல்லாமல் இழுத்த குழாய். இவை உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில் ஜே பின்னிணைப்பு 253-ஆம் பிரிவில் இருக்கும் குறைந்தபட்ச அளவுகள். விட்டத்தைக் கூட்டினால் மெயின் வளையத்துக்கு 50-க்கு 2.0, மற்றவற்றுக்கு 40-க்கு 2.0 போடவும் அதே விதி இடம் கொடுக்கிறது. "சீம்லெஸ்தான் தம்பி, 2.5தான், கவலையே படாதீங்க" என்று அவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்பினார். அந்தப் பதிவு இப்போது புகாரோடு இருக்கிறது.

இன்னொரு வேலையும் செய்தார். வேறு பிள்ளைகளிடமும் இதையே காட்டுவார் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். போனை எடுத்து அமெரிக்காவின் டெமாலிஷன் டெர்பி வீடியோக்களைக் காட்டினார். அங்கே ஊர்த் திருவிழாக்களில் பழைய கார்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, கடைசிவரை நகரும் காருக்குப் பரிசு கொடுப்பார்கள். சின்னக் கார்களுக்குத் தனி வகுப்பே உண்டு. "பாருங்க தம்பி, இடிச்சு நொறுக்குற காடிக்கே சீட்டுக்குப் பின்னால ஒரு கம்பி, டேஷ்போர்டுகிட்ட ஒரு கம்பி, கதவுப் பக்கம் ரெண்டு. அவ்வளவுதான் போடுறான். உங்க காடி யாரையும் இடிக்கப் போறதில்லையே" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த விளையாட்டு நடக்கும் விதமே வேறு. மைதானம் சின்னது. கார்கள் வேகம் பிடிக்கக்கூடாது என்று மண்ணில் தண்ணீர் விட்டுச் சேறாக்கியிருப்பார்கள். ரேடியேட்டர் போனால் ஆட்டம் முடிந்தது என்பதால் பெரும்பாலும் ரிவர்ஸில் வந்து பின்பக்கத்தால்தான் இடிப்பார்கள். ஓட்டுநர் கதவில் மோதக்கூடாது என்று விதியே இருக்கிறது. கண்ணாடி முழுக்கக் கழற்றிவிடுவார்கள். பழைய பெட்ரோல் டேங்கை எடுத்துவிட்டு, பின்சீட் இருந்த இடத்தில் சின்ன டேங்கைக் கட்டுவார்கள். பேட்டரியும் உள்ளே தரைக்கு வந்துவிடும். கதவும் சீட்டும் ஆள் மேல் நெருங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் அங்கே அந்த நாலு கம்பி. மண் தடத்தில் வேகமாக ஓடும் கார் வளைவில் சக்கரம் மாட்டிப் புரண்டால், முழு எடையும் கூரையில் வந்து இறங்கும். அதைத் தாங்க முழுக் கூண்டு வேண்டும். இன்னொன்று, அந்த டெர்பிகளிலும் காரை மைதானத்துக்குள் விடும் முன் பரிசோதகர்கள் சுற்றிப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் குழாயிலோ சேசிஸிலோ துளை போட்டுப் பார்க்கவும் பல இடங்களில் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

காரை எடுத்து வந்தபோது பளபளவென்று வெள்ளைப் பெயிண்டில் இருந்தது. போர்ட் கிள்ளானில் பைப் வெல்டராக இருக்கும் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். மெயின் வளையம் கூரைக்குக் கீழே போகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத மேல்பக்கம் விரலை விட்டுத் தடவினார். அப்புறம் ஒரு ஸ்க்ரூடிரைவர் கேட்டார். நுனியால் லேசாகக் கீறியதுமே பெயிண்ட் உரிந்து, உள்ளே இருந்து புட்டி பொடிப்பொடியாகக் கொட்டியது. புட்டி இருந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனி அப்படியே உள்ளே போனது. குழாயின் கீழ்ப் பாதிதான் வெல்டிங். மேல் பாதியில் இடைவெளியைப் புட்டியால் மூடி, ஈரத்துணியால் தேய்த்து வெல்டிங் மாதிரியே மேடு வைத்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் வெல்டிங் டார்ச் நுழையாது என்பது உண்மைதான். அதற்கு வழி இருக்கிறது, வேலை தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். தரையில் கால் நிற்கும் இடங்களைத் துளைத்துக் கூண்டைக் கீழே இறக்கி, மேல் இணைப்புகளைச் சுற்றிலும் முழுதாக வெல்டிங் செய்துவிட்டு, மறுபடி தூக்கி, காலடியில் தகடு வைத்து மூடுவார்கள். நேரம் பிடிக்கும் வேலை. அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் எங்களிடம் காசு வாங்கினார்.

அதற்குப் பிறகு சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் பார்த்தோம். குழாயில் துளை போட்டு அளந்தால் கனம் 1.2 மி.மீ. குறுக்கே ஒரு துண்டு வெட்டி உள்ளே விரலை விட்டால் நீளவாக்கில் ஒட்டுக்கோடு தட்டுப்பட்டது. சீம்லெஸ் குழாயில் அது இருக்காது. தராசில் வைத்தும் பார்க்கலாம்: 38-க்கு 2.5 குழாய் ஒரு மீட்டர் சுமார் 2.2 கிலோ வரும், 38-க்கு 1.2 என்றால் சுமார் 1.1 கிலோ. சரியாகப் பாதி. முன் கண்ணாடி ஓரமாக இறங்கும் குழாயின் வளைவில் உள்பக்கம் சுருக்கம் விழுந்து, வட்டம் சப்பையாகியிருந்தது. அந்த இடத்தில்தான் முதலில் மடங்கும். காலடித் தகடு குறைந்தது 3 மி.மீ. கனம், 120 சதுர செ.மீ. பரப்பு இருக்க வேண்டும். இவர் வைத்தது கார் பாடித் தகடு மாதிரி மெல்லியது, அதுவும் துருப்பிடித்த தரை மேலேயே.

சீம் வெல்டிங் கதை இதைவிட மோசம். பாடித் தகடுகள் சேரும் விளிம்புகளில் ஃபேக்டரியில் அங்கங்கே புள்ளி வெல்டிங்தான் இருக்கும். நடுவில் துண்டு துண்டாக வெல்டிங் இழுத்து இறுக்குவதுதான் இந்த வேலை. அதற்கு முதலில் விளிம்பில் இருக்கும் ரப்பர் மாதிரியான பழைய சீலரைச் சுரண்டி எடுத்தாக வேண்டும், அது இருந்தால் வெல்டிங் ஒட்டவே ஒட்டாது. எங்கள் காரில் முன் அப்சார்பர் மாட்டும் இடத்தைச் சுரண்டினால், புதுப் பெயிண்டுக்கு அடியில் அந்தக் காலத்து ஃபேக்டரி சீலர் கலையாமல் இருக்கிறது. அங்கே ஒரு பொட்டு வெல்டிங் கிடையாது. இதற்கு மட்டும் பில்லில் 900 ரிங்கிட்.

கொண்டுபோய்க் காட்டினோம். முதலில் "வேலைக்காரப் பையன் செஞ்சிட்டான்" என்றார். அப்புறம் குழாய் விலை ஏறிவிட்டதாம். "அண்ணே, என் தம்பிதான் உள்ளே உட்காருறான்" என்று சொன்னதற்கு, "மண்ணுலதானே ஓட்டுறீங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

கூண்டு அரைகுறையாக இருந்தாலும் இல்லாததைவிடத் தேவலை என்று நினைக்காதீர்கள். வெல்டிங் விட்டுப்போனால் குழாயின் நுனி ஆள் பக்கம்தான் வரும். நல்ல கூண்டாக இருந்தாலும் தலை படக்கூடிய இடங்களில் கெட்டியான பஞ்சு உறை சுற்றி, ஹெல்மெட்டோடுதான் ஓட்ட வேண்டும்.

வேலை கொடுப்பவர்கள் குழாய் வாங்கிய கடை பில்லைக் கேளுங்கள். வெட்டி மிச்சமான துண்டுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தராசு உண்மையைச் சொல்லிவிடும். ரசீதில் "கேஜ் 1 செட்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாமல் விட்டம், கனம், சீம்லெஸ் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். கடைசித் தவணையை வெல்டிங் முடிந்து, பெயிண்ட் அடிக்கும் முன் நேரில் பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச் லைட்டும் கொண்டுபோனால் மேல் இணைப்புகளின் பின்பக்கம் தெரியும். பெயிண்டை நாமே அடித்துக்கொள்கிறோம் என்று சொன்னதும் முகம் மாறுகிறவரிடம் காரை விடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வக்கீல் தேவையில்லை, வைக்கவும் விடமாட்டார்கள். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், படங்கள் எதையும் அழித்துவிடாதீர்கள். வெட்டும் முன் ஒவ்வொரு இணைப்பையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள்.

எங்கள் கூண்டை முழுக்க வெட்டி எடுத்துவிட்டோம். சொந்தக்காரரே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து புதிதாகச் செய்கிறார், இந்த முறை குழாய் நாங்களே வாங்கிக் கொடுத்தது. பழைய துண்டுகள் விசாரணை முடியும்வரை என் வீட்டில்தான் இருக்கும். செகாம்புட் பக்கம் இதே மாதிரி வேலை கொடுத்திருப்பவர்கள் யாராவது உங்கள் காரோடு ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால் உள்பெட்டியில் கேளுங்கள், படம் அனுப்புகிறேன். நேரில் வந்து பார்த்தாலும் சரி.