பழைய ஹைலக்ஸுக்கு கிளட்ச் ரப்பர் கிட்: ஸ்லேவுக்கு வாங்கலாம், மாஸ்டருக்கு வேண்டாம்

1988 முதல் 1997 வரை வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் கிளட்ச் பெடல் தரை தட்டி, ரிவர்ஸ் போடும்போது கியர் கரகரத்தால், கடையில் முதலில் கைக்கு வருவது ரப்பர் கிட்தான். பெடலை மிதித்தால் பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும்; கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தில் கிளட்ச்சை விடுவிக்கும். ஸ்லேவ் கிட் கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும். மாஸ்டர் கிட்டில் போடும் பணம் பெரும்பாலும் வீண்.

வாங்கும் முன் எது ஒழுகுகிறது என்று பாருங்கள். ஸ்லேவின் டஸ்ட் பூட்டை (தூசி தடுக்கும் ரப்பர் உறை) விரலால் ஒதுக்கும்போது ஈரம் இருந்தால் கோளாறு அங்கே. பெடல் பக்கத்து புஷ்ராடு (பிஸ்டனைத் தள்ளும் கம்பி) வழியே கேபினுக்குள் ஆயில் இறங்கினால் மாஸ்டர். வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் கிளட்ச்சை மிதித்துப் பிடித்திருக்கும்போதே கியரில் வண்டி மெல்ல நகரத் தொடங்குகிறது என்றால், மாஸ்டருக்குள் கப்பு (அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும் ரப்பர்) ஆயிலைப் பின்னால் விடுகிறது என்ற சந்தேகம்தான் முதலில் வர வேண்டும்.

ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு வெளியே இரண்டு போல்ட்டில் நிற்பதால் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. கிட்டில் ஒரு கப்பு, ஒரு பூட், சிலவற்றில் ஸ்பிரிங்கும் இருக்கும். பழைய சிலிண்டரின் துளை அளவோடு ஒத்துப் பார்த்தே வாங்குங்கள். கப்பின் வாய் ஆயில் வரும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் அழுத்தமே நிற்காது. கழுவ பிரேக் ஆயில் மட்டும். பெட்ரோல், டீசல் பட்டால் ரப்பர் ஊதிவிடும். உள்சுவரில் நகம் தட்டும் குழி இருந்தால் கிட்டை மூடி வைத்துவிட்டு முழு சிலிண்டரே வாங்குங்கள்.

மாஸ்டர் விஷயம் வேறு. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். பிஸ்டன் தினமும் ஓடும் பகுதி பளபளவென்று இருக்கும். அதைத் தாண்டிய பகுதியில் துருவும் கசடும் சேர்ந்திருக்கும். புதுக் கப்பு அந்த இடத்தில் உரசினால் சீக்கிரமே கிழியும். ஸ்லேவ் மாற்றிய கையோடு நன்றாக இருந்த மாஸ்டர் போவதற்கும் இதுவே காரணம்: ஏர் எடுக்கும்போது (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது) பெடலைத் தரைவரை மிதிக்கிறோம். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்து ஓட்டத்தைக் குறைத்தால் பழைய மாஸ்டர் தப்பும். (பல மெக்கானிக்குகள் இதைச் செய்வதில்லை, செய்ய வேண்டும்.)

ஏர் எடுக்க டாட் 3 தர பிரேக் ஆயில் போதும். மிதி, ஸ்லேவின் நிப்பிளை (காற்று வெளியேறும் திருகு) திற, மூடு, பிறகுதான் காலை எடு. குமிழி நிற்கும்வரை இதே வரிசை; மாஸ்டருக்கு ஆயில் ஊற்றும் டப்பாவில் ஆயில் அடி தட்டவே கூடாது. ஸ்லேவ் கழற்றியிருக்கும்போது பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பெடல் மேலே திரும்பத் தாமதித்தால் ஸ்லேவுக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸைச் சந்தேகியுங்கள். உள்ளே ஊதி அடைத்துக்கொண்ட ஹோஸ் ஆயிலைப் போக விடும், திரும்ப விடாது. கிட்டில் ஹோஸ் வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும்.

கடைசியாக புஷ்ராடு. பெடல் தலையில் அளந்தால் 1 முதல் 5 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லையென்றால் ஆயில் திரும்பும் துளை மூடியே கிடக்கும், புது கிளட்ச் பிளேட்டும் வழுக்கித் தேயும்.