மறுபடியும் சைக்கிள்: எம்டிபியா, ஹைபிரிடா, ரோடு பைக்கா?

பள்ளி, கல்லூரியோடு சைக்கிளை விட்டுவிட்டு நாற்பதைத் தாண்டித் திரும்பி வருகிறவர்கள், கடையில் முதலில் தொட்டுப் பார்ப்பது பெரும்பாலும் எம்டிபி என்கிற மவுன்டன் பைக்கைத்தான். தடித்த டயர், முன்னால் சஸ்பென்ஷன், 21 கியர் என்று பார்க்கவே தெம்பாக இருக்கும். எம்டிபிக்கும் ரோடு பைக்குக்கும் இடைப்பட்ட ரகமான ஹைபிரிட் பக்கத்தில் நின்றால், அதற்கு முன்னால் நோஞ்சானாகத் தெரியும். ஓட்டப் போவது தார்ச்சாலையில் என்றால் அந்த நோஞ்சானை எடுங்கள் என்பது என் கட்சி.

விலை குறைந்த எம்டிபியின் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில், ஸ்பிரிங் இருக்கும், அதன் துள்ளலை அடக்க ஒன்றும் இருக்காது. பள்ளத்தில் அமுங்கிய வேகத்திலேயே எழும்பும். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால், காலின் பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போய்விடும். எடையையும் பாருங்கள். இந்த ஃபோர்க் மட்டுமே 2 கிலோவைத் தாண்டும், சஸ்பென்ஷன் இல்லாதது ஏறக்குறைய அதில் பாதி. போதாததற்கு, குமிழ் வைத்த டயர் தாரில் உறுமிக்கொண்டே வேகத்தைத் தின்னும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த நல்ல ஃபோர்க் வைத்த விலை கூடிய எம்டிபி வேறு ரகம். கல்லும் வேரும் நிறைந்த பாதைக்கு அதை விட்டால் வேறில்லை. ஆனால் அந்தப் பாதையில் வாரத்துக்கு எத்தனை முறை போவீர்கள்?

சஸ்பென்ஷன் இல்லாவிட்டால் கை வலிக்காதா என்று கேட்பார்கள். அதற்குத்தான் டயர் இருக்கிறது. ஹைபிரிடில் 35 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயர் வரும். அகலமான பக்கமாகத் தேர்ந்தெடுத்து, காற்றைக் கல்லு மாதிரி அடைக்காமல் கொஞ்சம் தணித்து வைத்தால் சாலையின் அதிர்வை அதுவே வாங்கிக்கொள்ளும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் உச்ச வரம்புதான், அவ்வளவு அடைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஹைபிரிடிலும் சஸ்பென்ஷன் வைத்து விற்கிறார்கள், ஜாக்கிரதை.

மெலிந்த டயரோடு, குனிந்து வேகமாக ஓட்டும் ரோடு பைக்கை வயதைக் காட்டி ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. 8 முதல் 10 கிலோதான் இருக்கும், மிதித்தவுடன் ஓடும். சமதரையில் வேகம் கூடக் கூடக் காற்றுதான் பெரிய எதிரி. குனிந்து உட்காருகிறவருக்கு அது குறைவாகத் தடை போடும், ஹைபிரிடில் நிமிர்ந்து உட்காருகிறவர் எதிர்க்காற்றில் திண்டாடுவார். ஒரே மூச்சில் 40, 50 கிலோமீட்டர் போகும் ஆசையும், கழுத்திலும் இடுப்பிலும் வலி இல்லாத உடம்பும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். அதிலும் ஹேண்டில்பார் சற்று உயர்ந்து, 32 மில்லிமீட்டர் டயர் ஏற்கும் மாடலாகப் பாருங்கள். இரண்டும் சந்தேகம் என்றால் ஹைபிரிட்.

கடைத்தெருவுக்கும் நூலகத்துக்கும் போய்வர மட்டும் என்றால், மட்கார்டும் கேரியரும் செயின் கவரும் வைத்த சாதா சைக்கிளே போதும். கனம்தான், ஆனால் சமதரையில் அது பெரிய குறையில்லை. பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் உள்ளேயே 3 கியர் வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது. சிக்னலில் நின்றபடியே கியர் மாற்றலாம்.

கியர் எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் 3, பின்னால் 7 என்று 21 கணக்குச் சொல்வார்கள். அதில் பல ஏறக்குறைய ஒரே பலத்தைத் தருபவை. முன்னால் ஒன்று, பின்னால் 8 அல்லது 9 என்றால் குழப்பம் குறைவு, மேட்டுக்கும் பெரும்பாலும் போதும். உடல் எடை அதிகமுள்ளவர் மட்டும், பின்னால் இருப்பது ஃப்ரீவீலா (ஹப்பின் மேல் திருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதி) கேசெட்டா (ஹப்பில் செருகி மாட்டுவது) என்று கேட்டுக்கொள்ளட்டும். பல கியர் ஃப்ரீவீலில் அச்சின் ஒரு முனை தாங்கலில்லாமல் நீண்டிருப்பதால் வளைய வாய்ப்பு உண்டு. பிரேக்கில், மழையில் நிறைய ஓட்டுகிறவருக்கு டிஸ்க். மற்றவர்களுக்குச் சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் போதும், சரிசெய்வதும் எளிது.

சரி, எந்த ரகமானாலும் ஃபிரேம் அளவு பொருந்தாவிட்டால் எல்லாம் வீண். பாரின் இருபுறமும் காலூன்றி நின்றால் ஓரிரு அங்குலம் இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, கீழே போன பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரியான உயரம். திரும்பி வருகிறவர்கள் விழுந்துவிடும் பயத்தில் இரண்டு பாதமும் தரையில் பதியும்படி சீட்டைத் தாழ்த்திக்கொள்வார்கள். பிறகு முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளைக் குறை சொல்வார்கள். சீட்டை ஒரு ஸ்பேனரால் ஏற்றிவிடலாம். ஆனால் ஹேண்டில்பார் எட்டாமல் முழங்கை விறைத்து நின்றால் அது பெரும்பாலும் ஃபிரேம் பெரிது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

புதிய மட்டமான எம்டிபியா, அதே விலையில் பழைய நல்ல ஹைபிரிடா என்றால் நான் பழையதைத்தான் எடுப்பேன். ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேம் குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் எங்கோ மோதிய வண்டி, தொடாதீர்கள். சீட் கம்பி ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், உள்ளேயே துருப்பிடித்து இறுகியிருந்தால் அவஸ்தை. செயினில் ஒரு ஸ்கேலை வைத்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 பின் தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயின் மாற்ற வேண்டும். அதற்கும் மேலே போயிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.